குழித்தண்ணீரின் புளிப்பு

துறைமுகச் சாலையில் இருக்கும் அந்த ஆலையில் கழிவுநீர்க் குழிக்குச் சீனித்தாய்தான் பொறுப்பு. இரும்புத் தகடு கழுவிய அமிலத் தண்ணீர் அங்கே வந்து விழும். சாயங்காலம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, புளிப்பை அளக்கும் மீட்டரில் நாலு வந்ததும் எழுதி வைத்துவிட்டு, பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் ஏறுவாள். எண் இறங்கினால் புளிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஆனி மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து, காலையில் மீட்டர் மூன்று காட்டியது. அதே வாரம் அவள் தெருவில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. தெருக்காரர்கள் போட்ட வரிப்பணத்தில் வாங்கிய சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு பீடம் பளிச்சென்று நின்றது. சூப்பர்வைசர் ராஜதுரை அந்த வழியாகத்தான் வேலைக்கு வருவார். இரண்டுக்கும் முடிச்சுப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

டீ நேரத்தில், எல்லோரும் நிற்கும்போது கேட்டார்: “ஏளா, குழிக்குப் போடுத சுண்ணாம்ப மாடனுக்குப் பூசிட்டியோ?”

சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருட்டுப் பட்டத்தோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கொடைக்குப் போவது? வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். பேர் போனால் போனதுதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பத்து வருஷமாகக் குழியைப் பார்க்கிறவள் அவள். மஞ்சள் வண்டல் கனமாக இறங்கினால் புளிப்பும் கூடும். இந்த வாரம் வண்டல் ரொம்பவே அதிகம்.

அன்று சாயங்காலம் லேபில் வேலை பார்க்கும் ஜெபசுதாவைக் கையோடு கூட்டிவந்து, அவள் கண் முன்னால் சுண்ணாம்பை ஊற்றினாள். மீட்டரில் நாலு. மேலே தெளிந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் வாய் வரை நிரப்பி இறுக மூடினாள். கொஞ்சத்தை ஒரு தட்டில் ஊற்றித் திறந்து வைத்தாள். இரண்டையும் லேபில் பூட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து ராஜதுரையை அழைத்துவந்து பூட்டைத் திறந்தபோது, பாட்டில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது, மீட்டர் நாலு. தட்டில் மஞ்சள் படிந்திருந்தது; மீட்டர் மூன்று.

“கரைஞ்ச இரும்பு காத்துப் பட்டா வண்டலா இறங்கும் சார்,” என்றாள் ஜெபசுதா. “இறங்கும்போது புளிப்பத் தண்ணியில விட்டுட்டுத்தான் இறங்கும். இப்ப வார தண்ணியில இரும்பு கூடுதல். இன்னும் ரெண்டு மூட்டை சுண்ணாம்பு வேணும்.”

“அப்ப சரி,” என்று ராஜதுரை இரண்டு மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

“அண்ணாச்சி, டீ நேரத்துல சொன்னத டீ நேரத்துலயே மாத்திச் சொல்லணும்,” என்றாள் சீனித்தாய்.

டீ வந்தது. அவர் டம்ளரைப் பார்த்தபடி முனகினார்: “சீனித்தாய் சுண்ணாம்பு எடுக்கல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அவள் தன் டம்ளரைக் கீழே வைத்தாள். “கேக்கல அண்ணாச்சி. அன்னைக்குச் சொன்ன சத்தத்துல சொல்லுங்க.”