ஏகாம்பரத்தின் வேலியும் தணிகாசலம் சாரின் பூச்சியும்

தணிகாசலம் சார் போய்விட்டார் என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் மகன் போன் செய்தான். எங்கள் பள்ளியில் அவர் தாவரவியல், நான் கணக்கு. அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலை இருந்தது.

கூட வேலை பார்த்த நீங்கள் அவரைச் சாது என்பீர்கள். நான் அறிந்த சாரைக் கேளுங்கள். தொண்ணூறில் என் அப்பா இறந்தார். அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்திலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பொதுவழியை, பக்கத்து நிலத்து ஏகாம்பரம் கள்ளிவேலி போட்டு வளைத்திருந்தார். ஒரு நாளைக்காவது திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினோம். மறுத்துவிட்டார். பாடையைச் சேற்று வயலில் இறக்கிச் சுமந்தோம். தோள் கொடுத்த சார் வழுக்கி விழுந்தார். அப்பாவின் தலை சேற்றில் பட்டது. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

அப்போது கிரிவலப் பாதையோரச் சப்பாத்திக்கள்ளிகள் வெள்ளைப் பஞ்சு படிந்து காய்ந்துகொண்டிருந்தன. பஞ்சுக்குள் இருப்பது பூச்சி. நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அந்த மடல்களை வெட்டி வந்து ஏகாம்பரத்தின் வேலியில் கட்டினேன். சில மாதத்தில் வேலி பட்டுப்போனது, அவருடையது இல்லை, அதை ஒட்டியிருந்த என்னுடைய கள்ளிவேலி. அவருடைய ஆடுகள் புகுந்து என் மல்லாட்டைச் செடிகளை, நிலக்கடலையை, மேய்ந்தன.

சார் வந்து பார்த்துச் சிரித்தார். எனக்கு இரண்டுமே சப்பாத்திக்கள்ளிதான். அவர் காட்டிய பிறகுதான் வித்தியாசம் கண்ணில் பட்டது. என்னுடையது பாதையோரத்துக் கள்ளியின் ஜாதி, புதராகப் படர்வது, மஞ்சள் முள் கொத்துக்கொத்தாக இருக்கும். ஏகாம்பரத்துடையது ஆளுயரம், அடியில் மரம்போலத் தண்டு, மெல்லிய மடல், ஒன்றிரண்டு முள்.

"ஒண்ணைத் தின்ற பூச்சி இன்னொண்ணைத் தொடாதுங்க. பூச்சிக்குத் தெரிஞ்சது கணக்கு வாத்தியாருக்குத் தெரியல" என்றார்.

கோடை விடுமுறையில் எங்கெங்கோ அலைந்து, அந்தக் கள்ளிக்கான பூச்சியை டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார். அவரே கட்டினார். மறு ஆடிக்குள் ஏகாம்பரத்தின் வேலி அழுகிச் சரிந்தது. வழி ஊருக்குத் திரும்பியது. சாமி குத்தம் என்று பயந்து ஏகாம்பரம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்.

அன்று சார் சொன்னார்: "நான் போனப்புறம் அந்த ஆள்கிட்ட சொல்லிடுங்க. சாமி மேல பழி இருக்க வேணாம்."

கீழ்பென்னாத்தூருக்கு ஏகாம்பரமும் மாலையோடு வந்திருந்தார். அவர் பிள்ளைகளும் சாரிடம் படித்தவர்கள். "யாருக்கும் கெடுதல் நெனைக்காத மனுசன்" என்றார் என்னிடம். காதருகே குனிந்தேன். "உங்க வேலிய அழிச்சது இவர்தாங்க. எங்கப்பாவைச் சேத்துல தூக்கிட்டுப் போக வெச்சீங்களே, அதுக்காக."

மாலை கையிலேயே நின்றது. சுற்றிலும் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடாமல் திரும்ப முடியாது. குனிந்து போட்டார்.

சாரிடமிருந்து பொறுமையைக் கற்றேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். அந்தக் குனிந்த தலையைத்தான் அவர் எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.