ஆயுத பூஜையன்று நான் பிடுங்கிய பிளக்

செல்வி பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான்!

இதை அவளிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்... துணிவில்லாமல், முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன். என்னைப் போன்ற கோழைக்கு அதுதானே வசதி?

பெங்களூரில் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் நான் ஒப்பந்த உதவியாளன். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். செல்வி அங்கே முனைவர் பட்ட மாணவி. ஜீவனஹள்ளியில் பெயின்ட் அடிக்கும் தொழிலாளியின் மகள்.

தக்காளிச் செடியை வாட்டிக் கொல்லும் கிருமியை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அந்தப் புரதத்தை ஆய்வுக்காக உண்டாக்கினாள் செல்வி. எத்தனை முறை கெட்டுப்போயிற்று! எத்தனை முறை அழுதாள்! கடைசியில் கொஞ்சம் தேறியது. சோதனையில் அது கிருமியின் புரதத்தைப் பற்றிக்கொண்டது. அன்று எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு வாங்கி வந்தாள்.

மிச்சத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, அவள் மட்டுமே பயன்படுத்திவந்த கடுங்குளிர் ஃப்ரீசரில் வைத்தாள். குளிர் விட்டுக் கிடந்தால் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும். மறுபடி உறைய வைத்தாலும் பிழைக்காது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

ஆயுத பூஜை வந்தது. எல்லா இயந்திரங்களையும் துடைத்து, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டோம். அலங்காரம் என் பொறுப்பு. சீரியல் லைட்டுக்கு பிளக் பாயின்ட் போதவில்லை. ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கினேன்... பூசணிக்காய் உடைக்கும் வரைதானே, அப்புறம் மாட்டிவிடலாம் என்று! பூஜை முடிந்ததும் லைட்டை அணைத்தேன். பொரிப் பொட்டலத்தோடு ரயிலைப் பிடிக்க ஓடினேன். பிளக் நினைவிலேயே இல்லை.

விடுமுறை முடிந்து முதல் ஆளாக வந்தவன் நான்தான். தரையெல்லாம் தண்ணீர். அது பழைய ஃப்ரீசர். அபாய மணி என்றோ ஊமையாகிவிட்டது. யாரும் வருமுன் துடைத்தேன். பிளக்கை மாட்டினேன். மறுநாள் பழையபடி பனி படிந்திருந்தது. உறைந்த குழாயைப் பார்த்து, உள்ளே இருப்பது கெட்டுப்போனது என்று யாரால் சொல்ல முடியும்?

அதன்பின் செல்வியின் சோதனை ஒன்றுகூடப் பலிக்கவில்லை.

“அண்ணா, லீவுல கரென்ட் ஏதாச்சும் போச்சா? ஃப்ரீசர் ஆஃப் ஆச்சா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. வந்ததும் பாத்தேனே, நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயம். வேறென்ன இருக்கிறது சொல்ல!

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் முதல் முடிவையே சந்தேகித்தார். இட்டுக்கட்டியது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். புதிதாகச் செய்து காட்ட அவகாசம் கேட்டாள், தரவில்லை. அப்போது நான் குறுக்கே புகுந்து, “சார், செல்வி அப்படிப்பட்ட பொண்ணு இல்ல சார்” என்றேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! உண்மையை மட்டும் விழுங்கிக்கொண்டு நின்றேன். அந்த வாரமே அவள் படிப்பை விட்டுப் போய்விட்டாள்.

அண்மையில் மல்லேஸ்வரம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கஸ்டமர் கேர் வேலையாம். இப்போதாவது சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்... அவள் முந்திக்கொண்டாள்.

“சார் சொன்னதுதாண்ணா சரி. மொதல்ல நான்தான் எதையோ தப்பா பாத்திருக்கேன். அந்தப் புரதம் கிருமியோட ஒட்டியே இருக்காது.”

ஐயோ! தன் கண்ணால் கண்டதையே அவள் இப்போது நம்பவில்லை. படிப்பை மட்டுமா நான் பறித்தேன்?

“ஆனா அன்னிக்கு எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தாண்ணா. அத நான் மறக்கவே மாட்டேன்” என்று கைகூப்பினாள்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அந்த நன்றியையும் நான் வாங்கிக்கொண்டேன்.