கடைசியாக இறங்கியவள்

தீவு நாட்டுத் தலைநகரான போர்ட் விலாவில் பஸ்ஸுக்குத் தடம் கிடையாது. கை காட்டினால் நிற்கும். போகிற இடத்தைச் சொல்லி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். யாரை முதலில் இறக்குவது, யாரை ஊரெல்லாம் சுற்றவிடுவது என்பது டிரைவர் இஷ்டம். பேட்டசன் பதினெட்டு வருஷமாக அந்த வேலையைச் செய்தான், ஒருத்தரும் அவனைக் குறை சொன்னதில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் அவள் முதலில், மீன்காரி ஏறினால் மீன் கெடுமுன் அவள். சொந்தக்காரன் எவனாவது ஏறிவிட்டால் அவன் கடைசி. சொந்தத்தை முதலில் இறக்கினால் ஊர் சிரிக்கும் என்று அவனுக்கு ஒரு கூச்சம். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவன் வடக்கே மோட்டா லாவா தீவுக்காரன், பெண் எடுத்ததும் அங்கேதான். அந்தப் பக்கத்தில் மருமகனும் மாமியாரும் பேசக் கூடாது. ஒருத்தர் பெயரை ஒருத்தர் வாயில் எடுக்கக் கூடாது. துணைக்கு ஆள் இல்லாமல் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பது எல்லாவற்றையும்விடக் கேவலம். டோர்காஸைக் கட்டிப் பதினோரு வருஷமாயிற்று. அவள் அம்மா ஹில்டாவோடு பேட்டசன் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதை நடுவில் ஓர் ஆளை வைத்துச் சொல்வான். ஆள் இல்லையென்றால் சொல்லாமலே விட்டுவிடுவான்.

டோர்காஸுக்குச் சிறுநீரகம் கெட்டு உடம்பு வீங்கியது. சேதி போய் ஹில்டா கப்பல் ஏறினாள். கப்பல் கரைக்கு வர வேண்டிய நாளில் காற்று வலுத்து வரவில்லை. மறுநாள் விடிகாலையில் டோர்காஸ் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு தாங்காது, இன்றைக்கே அடக்கம் என்று பாதிரியார் சொன்னார்.

"நாலு மணி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள நான் அவங்கம்மாவைக் கூட்டிட்டு வரலேன்னா கப்பல் வரலேன்னு அர்த்தம். பெட்டியை மூடிடுங்க." இதைச் சொன்னவன் பேட்டசனேதான். வேறு யார் தலையிலும் இதைக் கட்ட முடியாது.

போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு, பஸ்ஸை எடுத்துக்கொண்டு கப்பல்துறைக்குப் போனான். ஹில்டாவின் அண்ணன் மகன் கிளெமென்ட் அங்கே வந்து, அவளிடம் சேதியைச் சொல்லி, கூடவே பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. கிளெமென்டைக் காணவில்லை. மூன்றேகாலுக்குக் கப்பல் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இறங்கிய ஜனம் முதலில் கண்ட பஸ்ஸில் முண்டியடித்து ஏறியது. அந்தக் கூட்டத்தில் தலையைக் குனிந்தபடி ஹில்டாவும் ஏறினாள், கையில் உயிர்க்கோழி ஒன்றோடு. ஸ்டீயரிங்கில் இருப்பது யார் என்று பார்த்ததும் சேலைபோலத் தோளில் கிடந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கடைசி சீட்டில் ஒடுங்கினாள்.

மற்றவர்களை இறங்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் இறங்கிவிட்டால் அவனும் அவளும் தனியாகப் போக வேண்டும். ஆகவே ஒருத்தரையும் இறக்கவில்லை. பாங்கோவுக்குப் போகிற பெரியவர் கல்தாக், டகாபேவுக்கு மூட்டையோடு ஒரு புருஷன் பெண்டாட்டி, அப்புறம் எடித். எடித் இவர்கள் தீவுக்காரி, ஓலன் பகுதியில் இறங்க வேண்டியவள், பேட்டசனின் வீட்டுக்குப் பக்கம். எடித் கடைசிவரை கூட இருப்பாள், அவள் வாயால் சேதியைச் சொல்ல வைக்கலாம் என்று பேட்டசன் கணக்குப் போட்டான்.

"பாங்கோ இந்தா இருக்கு, அஞ்சு நிமிஷம். என்னை விட்டுட்டுத் திரும்புப்பா," என்றார் கல்தாக்.

வண்டி பாங்கோவுக்குத் திரும்பியது. நேரே வீட்டுக்குப் போய்விட்டு மற்றவர்களை அப்புறம் இறக்கலாம் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டியிருக்கும், ஒப்பாரி கேட்கும். யாரும் சொல்லாமல் அவள் அதன் முன்னால் போய் இறங்குவதை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. எல்லோர்மேலும் வைத்த கரிசனம் போக, மிச்சமிருந்தது வெறும் பயம்தான்.

ஹில்டா கோழியிடம் பேச ஆரம்பித்தாள். மருமகனுக்குக் கேட்க வேண்டியதைக் கோழியிடம் சொல்வது அந்த ஊர்ப் பெண்களுக்குக் கைவந்த வித்தை.

"ஏய் கோழி, ரெண்டு நாளா கப்பல்ல வாந்தி எடுத்தியே, இப்ப என்ன ஊர் சுத்திப் பாக்குறியா? உன்னைச் சூப்பு வச்சுக் குடிக்கப் போறவ காத்துக்கிட்டு இருப்பாடி. வண்டிக்காரருக்கு அது தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். "கோழிக்கு இருக்கிற அவசரம் எனக்குக்கூட இல்லை," என்று சொல்லிக் கல்தாக் இறங்கிப் போனார்.

திரும்பி ஊருக்குள் வரும்போது ஆஸ்பத்திரி மேட்டுக்குப் பிரியும் பாதை வந்தது. பேட்டசன் திரும்பாமல் நேரே விட்டான்.  பின்சீட்டிலிருந்து ஹில்டாவின் குரல் வந்தது, குழந்தை குரல்போல உற்சாகமாக.

"கோழியே, பாத்தியா? ஆஸ்பத்திரிப் பாதையை விட்டுட்டுப் போறோம்! அப்ப வீட்டுக்கு வந்துட்டா. நல்லாயிட்டா என் மக. அதான் வண்டி நிதானமா போகுது. நான் ஒரு கிறுக்கி, வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தேன்."

கூடையைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த வறுத்த கொட்டைப் பருப்பை எல்லோருக்கும் கொடுத்தாள். டகாபேக்காரி கை நீட்டி வாங்கி, பாதியை டிரைவருக்குக் கொடுத்தாள். பேட்டசன் வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். 

டகாபேயில் மூட்டை இறக்க ஆறு நிமிஷம் ஆனது. மழை விட்டிருந்தது. எடித்தைக் கீழே கூப்பிட்டுப் பஸ்ஸின் முன்பக்கம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"டோர்காஸ் காலையிலேயே போயிட்டா. நீ பின்னால போய் அவங்ககிட்டச் சொல்லு."

எடித் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! என்னால முடியாது அண்ணே. இப்பத்தான் அந்தம்மா கையால பருப்பு வாங்கித் தின்னேன்."

"உன்னைக் கும்பிடுறேன். சரி, போனாவது குடு, வீட்ல பெட்டியை மூடாம நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

"ரெண்டு நாள் கப்பல்ல எந்தப் போன் உயிரோட இருக்கும்?"

ஏறி உட்கார்ந்த எடித் ஓலன் வரும்வரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி முழுசாக நிற்குமுன்பே குதித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

இப்போது வண்டியில் இரண்டே பேர். எதற்குப் பயந்து ஊரைச் சுற்றினானோ அதுவே கடைசியில் நடந்தது. ஹில்டா துணியை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். கோழியிடம்கூடப் பேசவில்லை. சொல்வதற்கு அவனுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. மூன்று தடவை தொண்டையைக் கனைத்தான்.

வாசலில் இறங்கும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. மணி நாலேகால். ஹில்டா தார்ப்பாயைப் பார்த்தாள், கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். கையிலிருந்து கோழி நழுவியது. அவள் உள்ளே ஓடினாள். கடைசி ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. "திற! திறங்கடா!" என்று பெட்டிமேல் விழுந்தாள். மூடி ஜெபம் பண்ணியாயிற்று, இனிமேல் திறக்கக் கூடாதம்மா என்று பெரியவர்கள் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. முகத்துணியை உருவி எறிந்துவிட்டு நேரே மருமகன் முன்னால் வந்து நின்றாள்.

"பேட்டசன்."

கூட்டம் அப்படியே உறைந்துபோனது.

"உனக்குத் தெரியும். கப்பல்துறையிலேயே தெரியும். பருப்பைக்கூட வாங்கித் தின்ன."

"அத்தை, தனியா கூட்டிட்டு வந்தா உங்களுக்கு மரியாதை இல்லேன்னு..."

"ஊர்ல இருக்கிறவன் மூட்டையைக்கூடப் பத்திரமா வாசல்ல இறக்கி வச்ச. எனக்கு என் மக மூஞ்சியைக் காட்டலையே."

 

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், விலாவில் இருக்கிற அந்தத் தீவுப் பெரியவர்கள் கூடினார்கள். மருமகன் பெயரை நாலு பேர் நடுவில் மாமியார் சொன்னது பெரிய தப்பு என்றார்கள். ஒரு பன்றி அபராதம் விதித்தார்கள். பேட்டசன் பன்றியை வாங்கி அவள் பெயரில் கட்டினான். ஊர் மரியாதை காப்பாற்றப்பட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. பன்றியைச் சுட்டு எல்லோரும் தின்றார்கள், நல்ல கொழுப்பு என்றார்கள். பெட்டியைத் திறக்கவிடாதது பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.