ரசமட்டத்தின் மனைவி

கண்காட்சிக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சர்களும் கொத்தனார்களும் மட்டம் பார்க்கக் குமிழி ஓடும் ஒரு கருவி வைத்திருப்பார்களே, அதன் பெயர். ஆறடிப் படத்தைச் சுவரில் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்று, "இடது பக்கம் ஒரு நூல் தூக்கு" என்பார். கருவியை வைத்துப் பார்த்தால் சரியாக அந்த ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்தான் இறங்கியிருக்கும். அப்பேர்ப்பட்ட கண்.

தூக்கிப் பிடிப்பது அவருடைய மனைவி. இருபத்தாறு வருஷமாக அவள்தான். பல நாடுகளிலிருந்து நவீன ஓவியங்கள் வந்து இறங்கும் பெரிய கண்காட்சி அது. வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு வாரம். அதற்கு முன்னால் ஐந்து நாள், தற்காலிகச் சுவர்கள் எழும்பி, வெள்ளை அடித்து, பெட்டிகள் உடைபட்டு, கூடமே கல்யாணவீடு மாதிரி அல்லோலகல்லோலப்படும். பழைய செருப்புக் குவியலைக் கலை என்று விற்க ஒருவர் வருவார், அணைந்து அணைந்து எரியும் குழல் விளக்கை விற்க ஒருவர் வருவார். அதைப் பார்த்துக் கண்கலங்க ஆட்களும் இருப்பார்கள். நமக்கெதற்கு, அவரவர் கண், அவரவர் கண்ணீர்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் படங்களின் பின்பக்கம். சட்டத்தில் வளையங்களைத் திருகுவது, கம்பி முறுக்குவது, படத்துக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்துக் கொக்கியில் மாட்டுவது எல்லாம் அவள் வேலை. "மேல... இன்னும்... வலது பக்கம் ஒரு நூல் இறக்கு... இருக்கட்டும்." அந்த 'இருக்கட்டும்' வந்துவிட்டால் கையை எடுத்துவிடலாம். உடனே தூசி படாமல் துணி போட்டு மூடிவிட்டு அடுத்த படத்துக்கு ஓட வேண்டும். முன்பக்கத்தை அவள் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில், "நீ பாக்காதே, சாயங்காலம் வீட்ல நான் சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்து வைத்த விளையாட்டு அது. பார்த்துவிட்டால் சாயங்காலம் கேட்க என்ன இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அடுக்களை மேசையில் இரண்டு கப் தேநீரோடு அவர் படம் படமாகச் சொல்வார். சொல்வதில் மன்னன். பெரிய பெரிய விமர்சகர்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

கடந்த சில வருஷங்களாக 'இருக்கட்டும்' கொஞ்சம் தாமதமாக வந்தது. சில சமயம் படம் கோணலாக இருக்கும்போதே வந்தது. கையில் இருக்கும் பாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். கண் டாக்டரிடம் தனியாகப் போய் வந்தவர், "பவர் கொஞ்சம் ஏறியிருக்காம், அவ்வளவுதான்" என்றார். அவள் தோண்டித் துருவவில்லை. கடைக்குப் போய் விரல் நீளத்தில் நிஜமான ரசமட்டம் ஒன்று வாங்கி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். படத்தைத் தூக்கியதும் சட்டத்தின் மேல் அதை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தானே சரிசெய்துகொள்வாள். பிறகுதான் அவர் வாயிலிருந்து 'இருக்கட்டும்' வரும். ஊரே அவர் கண்ணை மெச்சும். அந்தப் பெயர் போனால் மனுஷன் உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பையில் கிடந்த சமாசாரம் பையிலேயே கிடந்தது.

விற்காத படம் ஒன்று உண்டு. ஒரு கேலரிக்காரம்மா நான்கு வருஷமாக விடாப்பிடியாக அதைக் கொண்டுவந்தாள். நான்கு வருஷமும் இவர்கள்தான் மாட்டினார்கள். அதன் முதுகு அவளுக்கு மனப்பாடம். மேலே பார்க்கும் அம்புக்குறி, ஒரு காப்பிக் கறை, விரிசலில் அறைந்த தகரத் துண்டு. முன்பக்கம் என்ன என்பதும் மனப்பாடம், அவர் சொல்லியிருக்கிறார். பெரிய தண்ணீர்ப் பரப்பு, அதில் ஒரு சிவப்புப் படகு. இரண்டாம் வருஷம், "போன தடவை கவனிக்கல, கரையில ஒரு நாய் படுத்திருக்கு" என்றார். மூன்றாம் வருஷம் நாய்க்கு ஒரு காது மடங்கியிருந்தது. போன வருஷம் படகில் யாரோ விட்டுப்போன குடை. இப்படியொரு படம் ஏன் விற்கவில்லை என்று அவளுக்கு ஆறவே இல்லை.

இந்த வருஷமும் அது வந்தது. ஆனால் பழைய சட்டம் உளுத்துப்போய், புதுச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பின்பக்கம் வெறிச்சென்று இருந்தது. அம்பு இல்லை, கறை இல்லை, எது தலை எது கால் என்றே தெரியவில்லை.

"ஏங்க, எந்தப் பக்கம் மேல? சொன்னாத்தான் வளையம் திருக முடியும்."

முன்னால் நின்ற அவர் ஓரடி கிட்டே வந்தார். பிறகு, "இப்ப பிடிச்சிருக்கியே, அதேதான். படகு கீழ வந்திருக்கு. இருக்கட்டும்" என்றார்.

அவள் வளையத்தைத் திருகினாள், மாட்டினாள், துணியால் மூடினாள்.

மறுநாள் காலை, கதவு திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கேலரிக்காரம்மா துணியை விலக்கிவிட்டுப் போட்ட சத்தத்தில் பக்கத்து ஸ்டால்காரர்கள்கூட ஓடிவந்தார்கள். படம் தலைகீழ். ஓவியரின் கையெழுத்து மேல் மூலையில் தலைகுப்புற நின்றது. கூடத்துப் பொறுப்பாளர் வந்து கையைப் பிசைந்தார். இவர்கள் இருவரையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் முதல்முறையாக அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள். தண்ணீரைத் தேடினாள். சாம்பல் நிறத்தில் அப்பி அப்பி இழுத்த வண்ணம். மேலே ஒரு கறுப்புப் பட்டை, அது கீழே இருந்திருக்க வேண்டும். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். நாய் இல்லை. குடை இல்லை.

"அம்மா, இது அந்தப் பழைய படம்தானா? அந்தப் படகு..."

"படகா? எந்தப் படகு? அஞ்சு வருஷமா இதைத்தானே மாட்டறீங்க!"

அவள் அவருக்குக் குறைந்த பார்வை என்று நினைத்திருந்தாள். பார்வையே இல்லை என்று நினைக்கவில்லை. பின்னாலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கத் துணிவு வராமல், படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தப்பு என்னோடதுதாங்க. அவர் சரியாத்தான் சொன்னார். நான்தான் திருப்பிப் பிடிச்சுட்டேன்."

பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "அதானே பாத்தேன். ரசமட்டம் கண்ணு தப்புமா? அம்மா, உங்களுக்கும் வயசாச்சு. நீங்க வீட்ல இருங்க. இவருக்கு நான் வேற ஆள் போட்டுத் தர்றேன்."

அவரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள். அதுவே அவருக்குக் குழி தோண்டிவிட்டது. வேறு ஆள் வந்தால் பையில் ரசமட்டம் வைத்திருப்பானா? முதல் படத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்குள் அவரே வாயைத் திறந்தார்.

"வேணாம்ப்பா. அவ இல்லேன்னா எனக்குக் கண்ணு தெரியாது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இந்த வயசுலயும் பாருய்யா!" என்று பொறுப்பாளர் அவர் முதுகில் தட்டினார். கேலரிக்காரம்மாகூடக் கோபம் தணிந்து சிரித்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கூடத்தில் யாரும் அவ்வளவு அப்பட்டமான உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும், எப்போதும் இரண்டடி பின்னால் நடக்கிறவர், அவள் தோளில் கை வைத்தார். பேருந்து நிறுத்தம்வரை எடுக்கவே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அழுதால் தோள் குலுங்கும், அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் தேநீர் போட்டாள். அடுக்களை மேசையில் இரண்டு கப். இன்று சொல்ல யாரிடமும் படம் இல்லை. அவர் கேட்டார்:

"நிஜமா என்னதான் இருந்துச்சு அதுல?"

பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மனசு வரவில்லை. "சாம்பல்தாங்க. எல்லாம் சாம்பல். ஒரு கறுப்புப் பட்டை. ஓரத்துல நகக்கண் அளவு சிவப்பு."

"ஆங், அந்தச் சிவப்பு." அவர் குரல் கொஞ்சம் உயிர்பெற்றது. "முதல் வருஷம் அது மட்டும் மங்கலா தெரிஞ்சுது. அதை வச்சுத்தான் படகு பண்ணினேன்."

"நாய்?"

"நாய் சும்மா. படகு சொன்னப்ப நீ சிரிச்சே. சரி, சேத்துக்கலாம்னு..."

இரண்டாம் வருஷம் அந்தச் சிவப்புகூடத் தெரியவில்லையா என்று அவள் கேட்கவில்லை. என் முகம் தெரிகிறதா என்று கேட்கத்தான் நினைத்தாள், அதற்கும் வாய் வரவில்லை. அவர் வலது கை மேசைமேல் ஊர்ந்து கப்பைத் தேடியது. இந்த நான்கு வருஷமாக அந்தக் கை கிளம்புவதற்கு முன்பே அவள் கப்பை அதன் வழியில் நகர்த்தி வைத்துவிடுவாள். அவரும் தானாக எடுத்ததுபோல் குடிப்பார். இன்றும் அவள் கை கப்புக்குப் போனது.

"நகத்தாதே," என்றார். "எங்க இருக்குன்னு சொல்லு."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முன்னால போங்க... இன்னும்... இடது பக்கம் ரெண்டு விரக்கடை... கொஞ்சம் இறக்குங்க."

விரல்கள் கப்பின் காதைத் தொட்டன.

"இருக்கட்டும்," என்றாள்.