இறந்தவர் கணக்கில் யாரோ

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. சிட்டா எடுக்க, பயிர்க் காப்பீடு பதிய என்று வருகிறவர்களுக்கு மெயில் முகவரியும் நான்தான் தொடங்கிக் கொடுப்பேன். பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒன்றே. மறந்துவிட்டு வந்து நிற்பார்களே என்று, மீட்பு முகவரியாக என்னுடையதையே போட்டுவிடுவேன். உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் எனக்கு ஓர் எச்சரிக்கை மெயில் வந்தது. யாரோ சரியான பாஸ்வேர்டைப் போட்டு ஒரு கணக்கில் நுழையப் பார்த்தார்களாம், மெயில் கம்பெனி தடுத்துவிட்டதாம். யார் கணக்கு என்று பார்த்தேன். பக்கத்து ஊர் விவசாயி ஒருவருடையது. அவர் கார்த்திகையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். இறப்புச் சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்தவளே நான். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் மெயிலைத் திறக்கவே பயம். கடை வாசலில் நிழல் விழுந்தால், கட்டைப்பையோடு அவர்தான் நிற்கிறாரோ என்று நிமிர்ந்து பார்ப்பேன்.

யாரிடம் கேட்பது? ஒன்பதாவதோடு நின்றவள். போனில் இருந்த ஏஐ-யிடம் தமிழிலேயே தட்டினேன்: சைபர் செக்யூரிட்டி நானே படிக்க வேண்டும், திட்டம் போட்டுக் கொடு. எதுவரை படித்திருக்கிறீர்கள் என்றது. பன்னிரண்டு என்று அடித்து, அழித்து, ஒன்பது என்றேன். எட்டு வாரத் திட்டம் வந்தது. முதல் வாரம் பாஸ்வேர்டு. பல கணக்குகளுக்கு ஒரே பாஸ்வேர்டு வைத்தால், ஒன்று வெளியே போனாலும் எல்லாம் போகும் என்று இருந்தது. அதற்கு மேல் கண் ஓடவில்லை. எத்தனை ஊர், எத்தனை பேர்!

செத்தவர் கணக்கில் நுழைவது யார் என்று கண்டுபிடிக்க எந்த வாரம் சொல்லித் தருவாய் என்று கேட்டேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அது தெரியாமலே போகலாம். அந்தக் கணக்கு உங்களுடையது அல்ல. இன்றே அவர் குடும்பத்திடம் சொல்லுங்கள்" என்றது.

சொன்னால் அப்புறம் கடைக்கு யார் வருவார்கள்? சொல்லாவிட்டால், அவர் போனில் எடுத்த படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தானே கிடக்கின்றன. மத்தியானம் அவர் ஊருக்கு பஸ் ஏறினேன்.

அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷனுக்கு மெயில் பாக்கத் தெரியாது. இப்பதான் வந்து பாக்கப் போறாராக்கும்?" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "பொண்ணு கல்யாணத்துல எடுத்த படமெல்லாம் இருக்குல்லம்மா?"

கணவரின் போனை எடுத்து வந்தார். இருந்தன. கணக்கின் பதிவிலும் பார்த்தேன், வேறு யாரும் உள்ளே வந்திருக்கவில்லை. முயன்றது யார் என்று மட்டும் தெரியவில்லை, இன்றுவரை.

மீட்பு முகவரியில் என்னுடையதை எடுத்துவிட்டு மகளுடையதைப் போட்டேன். போனை நீட்டினேன். "புது பாஸ்வேர்டு போடுங்கக்கா."

"எனக்கென்ன தெரியும்? நீயே போடு."

"வேணாம்க்கா. எனக்குத் தெரியக் கூடாது."

"இத்தன வருஷம் தெரிஞ்சுதான இருந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. போன் கண்ணில் படாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். மாலை போட்ட படத்தில் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் முதுகுக்குப் பின்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம். நெடுநேரம் ஆயிற்று.