‘ஆம்’ என்று நான் அடையாளமிட்ட கட்டம்

கொலோன் நகரில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நான் செயலாளரானதற்கு என் ஜெர்மன் மட்டுமே காரணம். முதியோர் இல்லத்து வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்களும் பழக்கிவிட்ட மொழி அது. ஊரில் இருந்த சிறிய பெண்கள் அமைப்பு ஒன்றுக்குத் தையல் மெசினும் அறை வாடகையும் கேட்டு, இங்குள்ள அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பும் அதனால் என்னிடம் வந்தது.

அந்த அமைப்பை நடத்தியவர் என்னைவிட இளையவர். இராணுவம் பிடித்துக்கொண்டு போன கணவரைத் தேடிக்கொண்டிருந்தார். அவரைப் போன்ற பெண்கள் ஒரு வாடகை அறையில் கூடித் தைத்தார்கள். சனிக்கிழமைகளில் சட்டத்தரணி ஒருவர் வந்து காணாமல் போனவர்களைத் தேடும் மனுக்களை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பார்.

வெளிநாட்டு உதவி பெற அங்கே அரசின் அனுமதிக் கடிதம் வேண்டும். அறக்கட்டளையும் அதைக் கேட்டது. மாதங்கள் போயின, கடிதம் வரவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து டிராமுக்குக் காத்திருந்தபோது அமைப்பை நடத்தியவர் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, அதிகாரிமார் சனிக்கிழமை வேலையை நிப்பாட்டச் சொல்லுகினம். நிப்பாட்டினால் கடிதம் தருவினமாம்.”

“கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்கோவன்,” என்றேன். டிராம் வரும் அவசரத்தில் யோசிக்காமல் சொன்னேன் என்று பின்னாளில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. உண்மையில் யோசித்துத்தான் சொன்னேன்.

“ஏலாது அக்கா. அதுக்காகத்தானே நாங்கள் சேர்ந்தனாங்கள்.”

அடுத்த கூட்டத்தில் எங்கள் சங்கத் தலைவர் அண்ணை வேறொரு அமைப்பின் பெயரைச் சொன்னார். அதன் தலைவர் அங்குள்ள ஓர் அமைச்சருக்கு வேண்டியவர்.

“தங்கச்சி, விண்ணப்பத் தவணை முடியுது. இவருக்கு மேலிடத்திலை ஆள் இருக்கு. கடிதம் உடனை வரும். தையல் மெசின் ஆர் குடுத்தாலும் தையல் மெசின்தானே?”

எல்லோரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். அனுமதிக் கடிதம் ஒரு வாரத்துக்குள் வந்தது.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: உதவி பெறும் அமைப்பு அரசிடமிருந்து சுதந்திரமானதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். சமையலறை மேசையில் வைத்து ‘ஆம்’ என்பதில் அடையாளமிட்டேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அருகில் ஆளே இல்லை.

உதவி கிடைத்தது. சில மாதங்களில் படங்கள் வந்தன. ஒவ்வொரு மெசினிலும் அமைச்சரின் முகம் ஒட்டியிருந்தது. கட்சி ஊர்வலத்துக்குப் போன வீடுகளுக்குத்தான் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். தலைவர் அண்ணை படங்களை மண்டபச் சுவரில் மாட்டினார். எங்கள் உதவி இல்லாமல் வாடகை கட்ட முடியாத அந்தப் பெண்கள் அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களின் அமைப்பை நடத்தியவரை நான் அழைத்தேன். என்ன சொல்வதென்று எழுதி வைத்திருந்தேன், ஆனால் வாசிக்க முடியவில்லை.

“நான்தான் எழுதினனான்,” என்றேன்.

“ஓம் அக்கா, தெரியும். நீங்கள் அங்கையிருந்து என்ன செய்யிறது? பிள்ளையள் சுகமோ?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளைகள் சுகம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிறகு நான் அடையாளமிட்டது பொய் என்று அறக்கட்டளைக்கு எழுதினேன். தகவலுக்கு நன்றி, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று பணிவான பதில் வந்தது. சங்கத்தில் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்கள் இப்போது ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு வீட்டில் கூடுகிறார்களாம். சட்டத்தரணியும் வருகிறாராம். இதை எனக்குச் சொன்னது ஊருக்குப் போய்வந்த வேறொருவர். கடந்த தைப்பொங்கலன்று அமைப்பை நடத்திய பெண்ணிடமே தொலைபேசியில் இதைக் கேட்டேன்.

“இப்ப அப்படி ஒண்டும் நடக்கிறேல்லை அக்கா,” என்றார்.

நான் செய்ததற்குப் பிறகு அவர் என்னிடம் அதைச் சொல்லாமல் விட்டது சரிதான்.