பத்து ஃபெரிங்கி மணலில் ஒரு களிப் பந்தி

தை பிறந்த மறுவாரம், எங்கள் ஊரான பேரிகையில் காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினேன். ஓசூருக்கு நாலரை ரூபாய் டிக்கெட். காலடியில் பத்துக் கிலோ கேழ்வரகு மாவு.

"எந்த ஊருக்குப் பெரிம்மா, மூட்டையோட?" என்றார் கண்டக்டர்.

"மலேசியாவுக்கு."

"அப்ப பாகலூர்ல எறங்கி மாறிக்கோங்கோ."

பேருந்து முழுக்கச் சிரித்தது. நானும்தான். ஆனால் மறுநாள் சென்னையில் விமானம் ஏறினவள் நான்தான்.

என் மகன் முருகேசன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். இப்போது பினாங்குத் தீவில், பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை ஊரில், பெரிய ஹோட்டல் ஒன்றின் தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறான். கோலாலம்பூருக்கு வந்து என்னை அழைத்துப் போனான். மூட்டையைத் தூக்கியதும் முகம் சுளித்தான். "என்னாத்துக்கும்மா இவ்ளோ மாவு? இங்க என்னா பஞ்சமா?"

"தூக்குடா, பேசாத" என்றேன்.

பேருந்தில் ஒரு பகல் முழுதும் போய், பிறகு கடலைத் தாண்டக் கப்பல் மாதிரி ஒரு ஃபெர்ரியில் ஏறினோம். அதற்குள் காரும் லாரியும் நின்றன. ஒகேனக்கல் பரிசலிலேயே கண்ணை மூடிக்கொள்கிறவள் நான். இதில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். தீவின் பட்டணத்திலிருந்து பத்து ஃபெரிங்கி பதினான்கு கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வெயிலில் படுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து அஞ்செட்டி ஜனங்கள் பார்த்தால் அவர்களை எழுப்பி நிழலில் உட்கார வைத்திருப்பார்கள்.

மகனுக்கு ஹோட்டலின் பின்புறம் ஒரே அறை கொண்ட குவார்ட்டர்ஸ். மருமகள் வனஜா தருமபுரிப் பெண், வாய் திறக்காதவள். வந்து இரண்டு வருடமாகியும் அந்த வீட்டு வாசலில் வேறு யார் செருப்பும் கிடந்ததில்லை என்று முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். பேச்சு மூன்று பாஷையில் இருக்கிறது: தமிழ், தெலுங்கு, கன்னடம். ஒரே வாரத்தில் நாலாவதாக மலாயில் ஒரு வார்த்தை சேர்த்தேன். "சுடா மக்கான்?" என்றால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். அது போதும், எந்த வாசலும் திறக்கும். முதலில் பழக்கமானவர் ஹோட்டல் டிரைவரின் மனைவி சரோஜா. பினாங்கிலேயே பிறந்த தமிழ்ப் பெண். "பசியாறியாச்சாம்மா?" என்று கேட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் மூலமாகப் பழக்கடை ரொஹானா, சலவைக்கடைச் சீனத்து அம்மா மேடம் லிம். தைப்பூசத்துக்கு ஒரு வண்டி நிறையப் பெண்களோடு மலைக்கோயில். சீனப் புத்தாண்டுக்கு மேடம் லிம் வீட்டில் ஆரஞ்சுப் பழமும் விருந்தும். வெள்ளிக்கிழமை மாலையென்றால் ரொஹானா வீட்டில் எண்ணெயில் பொரித்த வாழைப்பழ அப்பம். பேரிகைச் சந்தை நாளில்கூட நான் அத்தனை பேரோடு பேசியதில்லை. பங்குனி வருவதற்குள் கடற்கரைச் சாலையில் நடந்தால் நாலு பேராவது கூப்பிடாமல் விடமாட்டார்கள். வனஜா மட்டும் எங்கும் வரமாட்டாள்.

நம் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் கை நனைத்தால் அவர்களும் நம் வீட்டில் கை நனைக்க வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பழக்கம் பாதிதான். நான் ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கையில் சொன்னேன், "வனஜா, ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுட்டேன். களியும் மீன் குழம்பும்."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "களியா? நாம களி திங்கறவங்கன்னு இங்க யாருக்கும் தெரியாது அத்தை. ஹோட்டல்ல பிரியாணி சொல்லலாம்."

"தெரியட்டும். நான் போனப்புறம் உன் வாசலுக்கு ஆள் வரணும். பிரியாணிக்கு வர்றவங்க ஹோட்டலுக்கே போயிக்குவாங்க."

"உக்கார எடம் எங்க இருக்குது?"

"கடலோரம் அத்தனை மணலும் சும்மாதானே கெடக்குது?"

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. முகம் சுளித்து ஒருத்தி எழுந்து போனாலும், மருமகள் இனி யாரையும் கூப்பிடவே மாட்டாள்.

ஞாயிறு மதியம் தென்னை நிழலில் பாய் விரித்தோம். ஊரில் பாரூர் ஏரி மீனில் வைக்கும் குழம்பை அன்று கடல் மீனில் வைத்தேன். பானையில் மாவைக் கொட்டிக் கோலால் கிண்டி, சுடச்சுட உருண்டை பிடித்து இலையில் வைத்தேன். கறுத்த உருண்டையைப் பார்த்து ஒருவரும் கை வைக்கவில்லை. சரோஜாதான் துணிந்து ஒரு கவளம் போட்டு மென்றார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். களி பல்லில் பசையாக ஒட்டிக்கொண்டது. ஏதோ சொல்லப் பார்க்கிறார், வாய் திறக்கவில்லை. ரொஹானா கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வனஜா.

"ஐயோ அக்கா, மெல்லக் கூடாது! முழுங்கணும்!"

தடாலென்று பந்தியில் உட்கார்ந்தாள். களியைக் கிள்ளி உருட்டினாள், குழம்பில் தோய்த்தாள், வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. "இப்பிடி. பல்லுக்கு வேலையே இல்ல."

மேடம் லிம் பார்த்தபடியே செய்தார். தொண்டையைத் தடவிக்கொண்டு, "குட் லா!" என்று இன்னொரு உருண்டைக்குக் கை நீட்டினார். ரொஹானாவுக்கு மூன்றாம் கவளத்தில் கை வந்தது. சரோஜா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா உங்களுக்கு!" என்று என் தொடையில் ஒன்று போட்டார். நான் பரிமாறுவதை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். மருமகள் ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் அத்தனை கணீரென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

புதன்கிழமை காலை ஃபெர்ரித் துறைக்கு எல்லாரும் வழியனுப்ப வந்தார்கள். அக்கரை வரை மகன் கூட வந்தான். நான் மேல்தட்டில் நின்று கரையைப் பார்த்தேன். சரோஜா, ரொஹானா, மேடம் லிம் மூவரும் வனஜாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவள் கையை ஆட்டி என்னவோ சொல்ல, மூவரும் சிரித்தார்கள்.

கப்பல் ஊதியது, நகர்ந்தது. நான் கையை உயர்த்தினேன். பேச்சு சுவாரசியத்தில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. "கூப்பிடட்டுமாம்மா?" என்றான் முருகேசன்.

"விடுடா, பேசட்டும்" என்றேன்.